பயப்பட ஒன்றரை மணி நேரம்

மாடிவீட்டு அக்கா தன் மூத்த மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. நானும் கூடப் போயிருந்தேன். நேரம் என்னவென்று யோசித்திருந்தால் போயிருக்கவே மாட்டேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, ராகுகாலம்!"

"ஓ, தெரியும். அதுக்குத்தானே ஒன்ன வெரட்டி வெரட்டிக் கூட்டிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

உள்ளே ஈ காக்காய் இல்லை. இது மலையாள ஊர் என்றாலும் சாலைக் கடைத்தெருவில் பாதிக்கு மேல் தமிழ்க்காரர்கள் கடை, வாங்க வருகிறவர்களிலும் நம்மவர்கள் அதிகம். கல்யாணத்துக்குத் துணி எடுக்க அந்த நேரத்தில் எவன் வருவான்? எங்கள் இரண்டு பேருக்கு விற்பனைக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். ஃபேனைத் திருப்பி வைத்தார்கள், எலுமிச்சம்பழ ஜூஸ் வந்தது. அக்கா ஒவ்வொரு புடவையையும் வாசல் வெளிச்சம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். முதலாளி மட்டும் கல்லாவில் நெளிந்துகொண்டிருந்தார். "பில்லை மட்டும் பன்னெண்டு அடிச்சதும் போட்டுக்கலாம்மா, கல்யாணக் காரியம் பாருங்க" என்றார். "நீங்க எப்பம் வேணும்னாலும் போடுங்க. எனக்கு அதுவரைக்கும் பாக்கதுக்கு இருக்கு" என்றாள் அக்கா.

அந்தப் புடவையைக் கட்டிய பெண் இப்போது இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். இதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களில் பாதிப் பேருக்கு மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும், எனக்குத் தெரியாதா?

மணக்காட்டில் ஒரே காம்பவுண்டில் கீழ்வீடு எங்களுடையது, மாடிவீடு அவர்களுடையது, இரண்டும் வாடகை. எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். பெண் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சாலையில் பாத்திரக்கடை. எனக்கு வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் காலண்டரைப் பார்க்காமல் வாசல்படி தாண்டுகிற வழக்கம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் கிடையாது.

அக்கா பாறசாலைக்குத் தெற்கே இருந்து வந்தவள். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையும் பைபிளுமாக ஏழரைக்கெல்லாம் இறங்கிவிடுவாள். நல்ல உயரம், அகன்ற முகம், பேசினால் காம்பவுண்டு முழுக்கக் கேட்கும். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் போன் பண்ணி, "எனக்க பேரை ஊரெல்லாம் விக்கியாட்டி?" என்று கேட்பாள். அதற்கு யார் பதில் சொல்வது?

அவள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று சர்ச்சில் கொடுத்தது, வசனம் போட்டது. இன்னொன்று நம் ஊர் தினசரி காலண்டர், ராகுகாலம் எமகண்டம் எல்லாம் போட்டது. ஒருதடவை பாஸ்டர் வீடு சந்திக்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது என்னம்மா இங்க?" என்று கேட்டார்.

"அது ராகுவுக்கு இல்ல, பாஸ்டரே. கூட்டத்துக்கு."

அவருக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினாள். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு நகைக்கடைக்குப் போனால் கம்மலுக்குத் திருகாணி போட உடனே ஆள் கிடைக்கும். சனிக்கிழமை ஒன்பதரைக்குப் போனால் பத்திர ஆபீஸில் நாற்காலி கிடைக்கும். வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பல் பிடுங்கப் போனால் அங்கே டாக்டர் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "இவங்க எல்லாரும் பயந்து வீட்டுல இருக்க நேரத்த கர்த்தர் எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காரு" என்றாள். பாஸ்டர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவரும் பல் பிடுங்க வியாழக்கிழமை போனதாக அக்கா சொன்னாள். அது எவ்வளவு தூரம் நிஜமோ தெரியாது.

நான் ஆரம்பத்தில் அவளிடம் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தேன். உள்ளதைச் சொன்னால் பயம்தான். இப்படி ராகுகாலத்தோடு விளையாடுகிற பொம்பளை தலைக்கு மேலே குடியிருக்கிறாளே, அதன் தோஷம் படியிறங்கிக் கீழே வராதா என்று என் புத்தி ஓடியது. என் வீட்டுக்காரர் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஊறுகாய்க்குக் காய வச்சிருக்கியளா?" என்று கேட்டாள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவளாகச் சொல்லவும் மாட்டாள். ஒருநாள் மொட்டைமாடியில் துணி மடிக்கும்போது சொன்னாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தைகளாக இருந்த சமயம். வீட்டுக்காரர் கல்ஃபில். அவள் சாலையில் ஒரு மொத்த வியாபார ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். திடீரென்று அவரிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம் ஆகிவிட்டது. அங்கே போய் வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா கவுண்டரில் நின்றபடி அழுவாள். கண்ணீர் துணியில் விழும். கடை முதலாளியம்மா நல்ல மனுஷிதான், ஆனால் வியாபாரி. "ஏ பிள்ளே, யாவாரம் நடக்கிற நேரத்துல லட்சுமி முன்னால கண்ணீர் விடாத. அழணும்னா ராகுகாலத்துல போய் அழு. அப்ப நாம யாவாரம் பண்ணுறது இல்லைல்லா" என்றாளாம்.

அந்தக் கடையில் ராகுகாலத்தில் சரக்கு ஏற்றமாட்டார்கள், புதுக் கட்டைப் பிரிக்கமாட்டார்கள். எல்லோரும் சும்மா இருப்பார்கள். அக்கா பேல் பேலாக அடுக்கியிருந்த துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. அப்போது கடை திறந்திருக்காது, அதனால் வீட்டில் அடுப்படியில் அழுவாள். செவ்வாய் மூணு முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம்.

"மொதல்ல கோவம் வந்துது பாத்துக்கோ. அழதுக்கும் மணி அடிக்கணுமான்னு. பெறவு பாத்தா அது நல்லாத்தான் இருந்துது. துக்கம் வரும்போ, 'நில்லு, உனக்க நேரம் வரட்டும்'னு சொல்லுவேன். அது நிக்கும். நெசமா நிக்கும். சில நாளு அந்த நேரம் வரும்போ அழுகையே வராது. பேலுக்கு மேல தலை வச்சு ஒறங்கிருவேன்."

"அப்புறம் அண்ணன் என்ன ஆனாங்க?"

"என்ன ஆவாரு? கம்பெனியைப் பூட்டிட்டான். இவரை வேற ஊருக்குக் கொண்டு போனான். நாலே கால் மாசம் கழிச்சு போன் பண்ணி, 'எப்பிடி இருக்க?'ன்னு கேட்டாரு. இருக்கேன்னு சொன்னேன்."

அந்த அண்ணனை எனக்குத் தெரியும். கைலியும் பனியனுமாகப் படியில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிற, வாயே திறக்காத மனுஷர். அவருக்காகவா ஒரு பொம்பளை நாலு மாதம் துணி பேல் நனைய அழுதாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் என் மண்டையில் ஏதாவது ஏறியதா என்றால், இல்லை. அதற்கு ஆதாரம் நான் செய்த காரியம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சோப்பு நழுவி விழுந்தது, அதை எடுக்கக் கூடத் தோன்றவில்லை. பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா பார்த்தே ஆகணும்" என்று சொல்லி மார்பக கிளினிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தில் முதல் பாதி என் காதில் விழவே இல்லை. கிளினிக்கில் கூட்டம் அதிகம், போன் செய்து நாள் சொல்வோம் என்றார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மலையாளத்துப் பெண், குரலே ஆறுதலாக இருந்தது. "நாளெ ஒராள் வருன்னில்ல சேச்சி. பதினொன்னு மணிக்கு வராமோ?" என்று கேட்டாள். நாளைக்கே! யாரோ வரவில்லை, அந்த இடம் எனக்கு. வேறு யாராக இருந்தாலும் வாயெல்லாம் பல்லாகச் சரி என்றிருப்பார்கள். நான் என்ன செய்தேன்? கண் தானாகக் காலண்டருக்குப் போனது. வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு.

"வேறே நாள் உண்டோ மோளே?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சநேரம் தேடினாள். பிறகு, அந்த வெள்ளிக்குப் பதினேழு நாள் தள்ளி ஒரு திங்கட்கிழமை, பத்தரை மணி, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை என்றாள். திங்கள் ராகுகாலம் ஒன்பதோடு முடிந்துவிடும். சுத்தமான நேரம். "அது மதி", அதுவே போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும், "நல்லதாப் போச்சு. இந்த மாதிரி காரியத்துக்கு ராகுகாலத்துல கால் எடுத்து வைக்கலாமா?" என்றார். எங்களுக்குள் ஒரே திருப்தி. படித்த ஜனங்கள் நாங்கள்!

மறுநாள் காலையில் குழாயடியில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டியைப் பற்றிச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைத் தள்ளிப்போட்டதைச் சொன்னதும் கையை விட்டுவிட்டாள்.

"ஒனக்குக் கிறுக்காட்டி?"

"அக்கா..."

"இப்பம் மணி எட்டேகால். போன் பண்ணு. வாறேன்னு சொல்லு."

பண்ணினேன். அந்த இடம் நேற்றே வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அக்கா அவளே போனை வாங்கி, தன் உரத்த மலையாளத்தில் கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஆசீர்வாதம் சொல்லி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. யாராவது வராவிட்டால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அப்படி யாரும் வராமல் இருக்கவில்லை. நம்மைப்போல எத்தனை பேர் இருப்பார்கள்?

அன்றைக்குப் பத்தரை ஆனதும் என் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. பதினோரு மணிக்கு நான் அங்கே இருந்திருக்கவேண்டும். இந்நேரம் தெரிந்திருக்கும். ஆபீஸில் ஒரு மனுவில் ஒரே வரியை மூன்று தடவை அடித்தேன். வக்கீல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் எங்கள் காலண்டர். ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருந்தாள்.

"இங்க பாரு. பதினேழு நாளு. முழுசும் நீ பயந்துட்டு இருந்தா செத்துப்போவ, கட்டி ஒண்ணும் வேண்டாம். அதனால நேரம் வைப்போம். தெனமும் ராகுகாலம் ஒன்றரை மணிக்கூர். ஒனக்குத்தான் அந்த நேரத்துல நல்லது ஒண்ணும் செய்யக்கூடாதே? அப்பம் இருந்து பயப்படு. நல்லா, மனசாரப் பயப்படு. மத்த நேரத்துல பயம் வந்தா, நேரம் ஆகலன்னு சொல்லு."

"அது கேக்குமாக்கா?"

"நீ சொல்லதப் பொறுத்து இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. அந்தக் கட்டியத் தடவித் தடவிப் பாத்துட்டே இருக்க, இல்லியா? அதும் அந்த நேரத்துல ஒரே ஒரு தடவ. போன்ல தேடாண்டாம், ஒருத்தர்கிட்டயும் கேக்காண்டாம்."

எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் இருந்ததைவிட மத்தியானம் பெரிதாக இருப்பது மாதிரி தோன்றும்.

முதல் நாள் சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை. ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பயந்தேன். மடை திறந்த மாதிரி வந்தது. தலையணை நனைந்தது. பத்தரைக்கு மாடியிலிருந்து அக்கா தட்டினாள், எழுந்து முகம் கழுவினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு அக்கா மொட்டைமாடிக்கு வரச் சொன்னாள். பாயை விரித்து, ஒரு முறம் நிறைய சின்ன வெங்காயம் வைத்திருந்தாள்.

"இரு. நீ பயப்படு. நான் உரிக்கேன்."

"நீங்க இருந்தா எப்படிக்கா பயப்படுறது?"

"வாய் விட்டுச் சொல்லு. ஒண்ணொண்ணாச் சொல்லு, அவசரம் இல்ல. ஆறு மணி வரைக்கும் கெடக்கு."

சொன்னேன். செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது என்றேன். "செரி, அடுத்தது" என்றாள். பெண் படிப்பை முடிக்காமல் வந்துவிடுவாளோ. செரி. முடி கொட்டிவிடுமோ. செரி. மார்பை எடுத்துவிடுவார்களோ. அக்கா வெங்காயத்தை நிறுத்தினாள், பிறகு, "செரி" என்றாள். அவர் என்னை எப்படிப் பார்ப்பாரோ. செரி. நான் போய்விட்டால் அவர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்வாரோ.

"அவருக்கா?" என்றாள் அக்கா. "எவ கெட்டுவா? வாசல்ல எலுமிச்சம்பழம் கெட்டதுக்கு மட்டுந்தான் அவரு லாயக்கு."

நான் சிரித்துவிட்டேன். கட்டி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தேன். அதற்கு அப்புறம் யோசித்து யோசித்துப் பார்த்தாலும் பயப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. மணி ஐந்தே கால்தான் ஆகியிருந்தது.

"இன்னும் முக்காமணிக்கூர் கெடக்கு, பயப்படு" என்றாள் அக்கா.

"தீந்துபோச்சுக்கா."

"அப்பம் வெங்காயம் உரி."

நாட்கள் அப்படியே போயின. ஒவ்வொரு நாளும் நேரம் மாறியதில் ஒரு லாபம் இருந்தது, இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று தேடுவதிலேயே கொஞ்சம் கவனம் போய்விடும். திங்கட்கிழமை ஏழரைக்கு என்னால் பயப்படவே முடியவில்லை. அவருக்கு இட்லி, எனக்கு டிபன் பாக்ஸ், குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்கவேண்டும். ஒன்பது மணிக்கு பஸ்ஸில் உட்காரும்போதுதான் நினைவு வந்தது, இன்றைய நேரம் போய்விட்டதே என்று. நாளைக்கு மூணு மணிவரை பொறுக்கத்தான் வேண்டும். பொறுத்தேன்.

எல்லா நாளும் இப்படி லேசாகப் போனது என்று நினைக்கவேண்டாம். ஒரு புதன்கிழமை முத்திரைத்தாள் வாங்க என்னை வெளியே அனுப்பியிருந்தார்கள். கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, மொட்டைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் என் எதிரே ரோட்டைக் கடந்து போனாள். என் வயதுதான் இருக்கும். கூட ஒருவரும் இல்லை. ஒரு கடை நிழலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பயம் வந்துட்டு. என்னால முடியல."

"மணி என்ன?"

"பதினொண்ணேகால்."

"புதன் பன்னெண்டு மணிக்கு. முக்காமணிக்கூர் பொறு."

"முடியலக்கா..."

"எங்க நிக்க?"

சொன்னேன்.

"அங்க கெழங்குக்காரி இருப்பா. ரெண்டு கிலோ மரச்சீனிக் கெழங்கு வாங்கு. ஒடிச்சுப் பாத்து வாங்கு, உள்ள நீலம் ஓடியிருந்தா வேண்டாம். வெள்ளையா இருக்கணும். போனை வைக்காத, ஒடிக்க சத்தம் எனக்குக் கேக்கணும்."

நட்டநடு ரோட்டில் போனை ஒரு காதில் இடுக்கிக்கொண்டு கிழங்கை ஒடித்தேன். "கேட்டுது. அடுத்தது" என்றாள். கிழங்குக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆபீஸுக்கு வந்து, மாடிப்படியில் கிழங்குப் பையோடு உட்கார்ந்து, ஒழுங்காகப் பயந்தேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் இரண்டு வீட்டிலும் கிழங்கும் மீன்குழம்பும்தான்.

அக்கா ஒருதடவை கூட என்னிடம், ஒன்றும் இருக்காது, கவலைப்படாதே என்று சொன்னதில்லை. மற்ற எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தினமும் சொன்னார். அதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வரும், உனக்கு எப்படித் தெரியும் என்று. அக்கா, "தெரியாது. திங்கக்கெழம தெரியும்" என்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்குப் பயமே கிடையாது, பாறாங்கல் என்று நினைத்தேன். அந்தப் பாறையில் சாய்ந்துகொண்டுதான் பதினேழு நாளையும் ஓட்டினேன்.

இப்போது அவர்கள் பாறசாலைக்குப் பக்கத்தில் சொந்தமாக வீடு கட்டிப் போய்விட்டார்கள். மாடிவீட்டில் ஐடி கம்பெனிப் பையன்கள் இருக்கிறார்கள், ஆள் இருப்பதே தெரியாது. அக்காவை நினைக்கும்போதெல்லாம் அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு முதலில் வரும்.

அன்றைக்கு ஏழரையிலிருந்து ஒன்பது வரை அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அவரையும் கடைக்கு அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தலை சுற்றுகிற மனுஷர், வந்தால் அவரையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கும். ஒன்பது மணிக்கு அக்கா இறங்கி வந்தாள், சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையில். ஆட்டோ பிடித்துப் போனோம்.

கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எல்லோர் மடியிலும் ஒரு ஃபைல் இருந்தது. என்னைக் கூப்பிட பதினொன்று ஆகிவிட்டது. பையை அக்காவிடம் கொடுத்தேன். "போ. நேராப் போ" என்றாள்.

உள்ளே சின்னவயது டாக்டர். தொட்டுப் பார்த்தாள், அடுத்த அறையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். ஸ்கேன் ஜெல்லி சில்லென்று இருந்தது. திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதுதானா, இத்தனை நாள் என்னை ஆட்டிவைத்தது அதுதானா என்று பார்த்தேன். "வெள்ளம் ஆணு சேச்சி. வெறும் வெள்ளம்" என்றாள் டாக்டர். தண்ணீர். நீர்க்கட்டி. ஊசியைப் போட்டு உறிஞ்சியதும், கையை வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. இது மோசமான கட்டி இல்லை, ஆறு மாதம் கழித்து ஒருதடவை வந்து காட்டினால் போதும் என்றாள். பிளவுஸ் ஊக்கு மாட்ட வரவில்லை எனக்கு. நர்ஸ்தான் மாட்டிவிட்டாள்.

வெளியே வந்தால் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. என் பை மட்டும் பக்கத்து நாற்காலிக்காரி மடியில் இருந்தது. வித்துராவிலிருந்து வந்திருப்பதாக முன்னமே சொல்லியிருந்தாள்.

"சேச்சி எவிடே?" என்று கேட்டேன்.

"முகம் கழுவப் போயிருக்கு. உங்க சொந்தச் சேச்சியா?" தமிழும் மலையாளமுமாகக் கேட்டாள். "நீங்க உள்ள போன நேரத்துல இருந்து ஒரே கரைச்சல். வாயில முந்தானையை வச்சு அழுதுட்டே இருந்தாங்க. அவங்களுக்குத்தான் அசுகம்னு நான் நினைச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. யார், இந்த அக்காவா? அதற்குள் அவள் வந்துவிட்டாள். முகம் ஈரமாக இருந்தது, கண்ணிரண்டும் வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி? என்ன சொன்னாவ?"

"நீர்க்கட்டிக்கா. தண்ணிதான். ஊசியில எடுத்துட்டாங்க. ஒண்ணும் இல்லைக்கா."

அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வாள், கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"சண்டாளி! அப்பம் அந்த வெள்ளிக்கெழமையே வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமேட்டி! பதினேழு நாளு! பதினேழு நாளா ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. படியில நீ ஏறி வாற சத்தம் கேக்கும்போ எல்லாம் முகத்தைத் தொடச்சு, தொடச்சு... ஒனக்க காலண்டரக் கொண்டு தீயில இடு! என்னைக் கொன்னுட்டியேட்டி!"

கிளினிக் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்து, "அம்மா, பைய பேசுங்க" என்றாள். அக்கா யாரையும் கவனிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக அழுதாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது சந்தோஷமான அழுகை, அதில் வலி இல்லை.

பதினேழு நாளும் நான் தினம் ஒன்றரை மணி நேரம்தான் பயந்திருந்தேன். மீதி நேரத்தை எல்லாம் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.